டீயா, காபியா?

போன மாதம் எழுபத்தெட்டு வயது அப்பாவை ஓர் அலுவலக கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு இதுதான்: ‘ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை மற்றும் ரேஷன் அட்டை கொண்டு வரவும்.’ ஆதார் இருந்தால் அது போதும், இல்லாதவர்கள் மற்ற இரண்டையும் கொண்டுவர வேண்டும் என்று அப்பா புரிந்துகொண்டார். முதல் இரண்டில் ஏதாவது ஒன்று, ரேஷன் அட்டை எல்லாருக்கும் கட்டாயம் என்று கவுண்டரில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். எழுதியவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். ‘ஆதாரோ வாக்காளர் அட்டையோ ஏதாவது ஒன்று, கூடவே ரேஷன் அட்டையும்’ என்று எழுதியிருந்தால் அந்த வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.

இப்படி எழுதும்போது ஓகாரம் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்கிறது. எதற்கும் எதற்கும் நடுவே தேர்வு, எங்கே அது முடிகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ‘அல்லது’ நடுவில் மட்டும் நிற்கும். இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்க அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய நூல்களில், குறளிலும்கூட, அது ‘தவிர’ என்ற பொருளிலும் வருகிறது. ஓகாரத்துக்கோ நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது.

வீட்டில் யாருக்கும் இலக்கணம் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா “டீயா, காபியா?” என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “டீயோ காபியோ குடும்மா” என்று நான் சொன்னால் எதுவானாலும் சரி. சாப்பிடாமல் கிளம்புகிறவனிடம் “ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போடா” என்பது கெஞ்சல். மனசு வெறுத்துப்போய் “டீயாவது காபியாவது!” என்றால் இனி பேச்சே வேண்டாம் என்று அர்த்தம். ஓர் எழுத்து மாறினால் முகமே மாறுகிற மொழி இது. அப்படிப்பட்ட மொழியில், ஓட்டலில் பயிற்சி கொடுத்து நிறுத்தியிருக்கிற பையன் “டீ அல்லது காபி வேண்டுமா சார்?” என்கிறான். “வேண்டும்” என்றேன். எது என்று மறுபடி கேட்க வேண்டியதாயிற்று அவனுக்கு. வீட்டில் அவன் அம்மாவிடம் இப்படிப் பேசவே மாட்டான்.

மறுநாள் அப்பா ரேஷன் அட்டையோடு போய் வேலையை முடித்துவிட்டு வந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் கையில் ஆதார் மட்டும்தான் இருந்ததாம்.