களத்தில் ஆடுபவருக்கும் ஒரு நாற்காலி

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு சீரழிந்துவிட்டது என்கிற புலம்பல் சில ஆண்டுகளாகவே ஓங்கி ஒலிக்கிறது. பல்கலைக்கழகத் தலைவர்கள், பயிற்சியாளர்கள், செனட்டர்கள் எனப் பலரும் இந்தக் கூட்டுப் புலம்பலில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் குற்றவாளி ஒருவரே: ஆடுவதற்குக் காசு வாங்கும் மாணவர். கையில் காசு புழங்கத் தொடங்கியதும் விசுவாசம் போய்விட்டது, ஆண்டுக்கொரு பல்கலைக்கழகம் என்று வீரர்கள் தாவுகிறார்கள், நூறாண்டுப் பாரம்பரியம் பாழாகிவிட்டது என்பது அவர்களது வாதம். அந்த ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ரசிகன் என்கிற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது: கூண்டில் தவறான ஆள் நிறுத்தப்பட்டிருக்கிறார்.

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியின் முடிவு, நாளிதழின் ஒரு மூலையில் வந்தாலே பெரிது. அங்கே நிலைமை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் 1,07,000-க்கும் அதிகமானோர் அமரலாம். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 68 கல்லூரி அணிகள் மோதும் ஆடவர் கூடைப்பந்துப் போட்டியை 14 ஆண்டுகள் ஒளிபரப்பும் உரிமைக்காக, 2010-ல் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 1,080 கோடி டாலர். தொழில்முறை அணிகளுக்கு இளம் வீரர்களை உருவாக்கித் தரும் பட்டறையும் பெருமளவுக்கு இந்தக் கல்லூரி அணிகள்தாம்.

இத்தனை பணம் புரளும் இடத்தில், ஆடுபவர்களுக்கு மட்டும் கல்வி உதவித்தொகைக்கு மேல் எதுவும் கிடையாது என்ற விதி பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது எப்படி? அதற்கொரு வரலாறு உண்டு. 1905-ல் கால்பந்துக் களத்தில் உயிரிழப்புகள் பெருகியபோது, அன்றைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906-ல் உருவானதுதான் இன்றைய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். வீரர்களின் பாதுகாப்புக்காகப் பிறந்த அமைப்பு, காலப்போக்கில் வீரர்களிடமிருந்து கருவூலத்தைப் பாதுகாக்கும் அமைப்பாக மாறியது.

"மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொற்றொடர் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் அது பிறந்த கதை அத்தனை இனிமையானதல்ல. கொலராடோ மாநிலத்தில் 1955-ல் கால்பந்து ஆடியபோது தலையில் அடிபட்டு ஒரு கல்லூரி வீரர் இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி தனக்கு உரியதைக் கேட்டு அவரது மனைவி வழக்காடினார். இறந்தவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்று 1957-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இத்தகைய கோரிக்கைகளைத் தடுப்பதற்காகவே அந்தச் சொற்றொடரை உருவாக்கி எங்கும் புழங்கச் செய்தோம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர் வேறு யாருமல்ல, 1951 முதல் ஏறத்தாழ 36 ஆண்டுகள் அந்தச் சங்கத்தை நடத்திய வால்டர் பையர்ஸ். 1995-ல் அவரே தாம் கட்டிய அமைப்பைக் கடுமையாகச் சாடி ஒரு நூல் எழுதினார்.

பாரம்பரியத்தை உடைத்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். ஒரு காலத்தில் எந்த அணியின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை காட்டலாம் என்பதைச் சங்கமே முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சங்கத்தின் ஏகபோகத்தை உடைத்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், தம் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரக் கால்பந்து வீரராக விளங்கியவர். விளையாட்டு முழுக்க முழுக்க வணிகமாகிவிடும் என்ற அவரது கவலை பொய்க்கவில்லை. அன்று தனக்குச் சந்தை வேண்டும் என்று நீதிமன்றப் படியேறியது பல்கலைக்கழகம், மாணவர் அல்ல.

அந்தச் சந்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பசிபிக் கரையே சாட்சி. அங்குள்ள பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 1915-ல் வேர்விட்டது. பிற்காலத்தில் 'பேக்-12' என்று பெயர் பெற்றது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள், தொலைக்காட்சி வருவாய் கொழிக்கும் 'பிக் டென்' கூட்டமைப்புக்குத் தாவப்போவதாக அறிவித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிக் டென்' கையெழுத்திட்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு மற்றவையும் மூட்டையைக் கட்டின. 2024-ல் பன்னிரண்டில் எஞ்சியவை ஒரெகன் மாநிலம், வாஷிங்டன் மாநிலம் ஆகிய இரு பல்கலைக்கழகங்களே. பசிபிக் கடற்காற்று வீசும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்று ஆடுவது அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பில்! பெயரிலேயே எதிர்க்கரை இருக்கிறது. ஆயினும் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஓக்லஹோமா மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்கள் 1910 முதல் ஆண்டு தவறாமல் கால்பந்தில் மோதிவந்தன. இரண்டு உலகப் போர்களாலும் தடுக்க முடியாத அந்த ஆட்டம் 2023-ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. காரணம், அவற்றில் ஒன்று 2024-ல் பெரிய ஒளிபரப்பு வருவாய் உள்ள தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர்ந்ததுதான். பரம்பரைப் போட்டியை வாழ்வாகக் கொண்டிருந்த ரசிகர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கைப்பந்து ஆடும் மாணவி, கூட்டமைப்புப் போட்டிக்காக லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கிறது. தேர்வையும் எழுதியாக வேண்டும். இந்த முடிவுகளில் ஒன்றையேனும் மாணவர் எடுத்தாரா?

விசுவாசத்தைப் பற்றிய உபதேசமும் இப்படித்தான். நல்ல சம்பளம் கிடைத்தால் பருவத்தின் நடுவிலேயே அணியை உதறிவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும் பயிற்சியாளர்கள் உண்டு. அதற்குப் பெயர் முன்னேற்றம். அதையே இருபது வயது இளைஞர் செய்தால் பேராசை. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பணிநீக்கம் செய்தது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு ஒருவருக்கு இவ்வளவு கொடுக்க முடிந்த அமைப்பு, வேலை செய்பவருக்குக் கொடுக்கக் கஜானா காலி என்பது ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

வீரர்களுக்குக் கிடைத்த உரிமைகளில் எதுவும் மனமுவந்து தரப்படவில்லை; ஒவ்வொன்றையும் வழக்காடித்தான் பெற்றார்கள். 1995-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் அணிக்குக் கூடைப்பந்துப் பட்டம் வென்று தந்த எட் ஓபானன், தன் உருவம் ஒரு கணினி விளையாட்டில் தனக்குத் தெரியாமலே விற்கப்படுவதை அறிந்து 2009-ல் வழக்குத் தொடர்ந்தார். 2019-ல் கலிஃபோர்னியா மாநிலம், மாணவ வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே விளம்பர வருவாய்க்கு வழி திறந்தது. இறுதியாக 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசத் தீர்வின்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பழைய பாக்கி உண்டு. 2025-26-ஆம் கல்வியாண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுடன் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்றும் அனுமதிக்கப்பட்டது.

இத்துடன் நியாயம் கிடைத்துவிட்டதா? இல்லை. அந்த உச்சவரம்பை யார் நிர்ணயித்தது? இரு தரப்பு வழக்குரைஞர்கள். இன்று களத்தில் ஆடும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி எவரும் மேசையின் எதிரே அமர்ந்து பேரம் பேசவில்லை. பாக்கித் தொகையில் பெரும்பகுதி ஆடவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போவதை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் சிலர் உடனடியாக மேல்முறையீடு செய்ததில் வியப்பென்ன? கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972 முதலே அங்கு இருக்கிறது. 2024-ல் மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 1.8 கோடிக்கும் மேல்; ஆடவர் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்ற பழைய சாக்கு இனி செல்லாது.

நிர்வாகிகள் இப்போது நாடுவது அமெரிக்கக் காங்கிரஸை. 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் முன்வைக்கப்பட்ட ஒரு மசோதா, ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து கல்லூரி விளையாட்டு அமைப்புகளுக்குப் பாதுகாப்பளிக்கவும், மாணவ வீரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்று வரையறுக்கவும் முனைந்தது. அதே மாதம் அதிபர் டிரம்பும் கல்லூரி விளையாட்டைக் காப்பாற்றுவதாகக் கூறி ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சட்டமன்றத்தில் வெல்லப் பார்க்கிறார்கள்.

ஆனால் தீர்வு வெகு தொலைவில் இல்லை. தொழில்முறை விளையாட்டிலேயே இருக்கிறது. பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட், தன்னைக் கேளாமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார், 1972-ல் தோற்றார். வீரர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தால் ஆட்டமே அழிந்துவிடும் என்று அன்றைய முதலாளிகளும் புலம்பினார்கள். 1975 டிசம்பரில், வீரர் சங்கத்தின் முயற்சியால் நடுவர் தீர்ப்பு வந்து அந்தப் பூட்டு உடைந்தது. பேஸ்பால் அழியவில்லை, செழித்தது.

தேசியக் கால்பந்து லீகில் சம்பள உச்சவரம்பு 1994 முதல் இருக்கிறது. புதிய வீரர் எந்த அணியில் சேர வேண்டும் என்பதும் முறை வைத்தே முடிவாகிறது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் யாரும் தாவ முடியாது. இவை சட்டத்தின் முன் நிற்பதற்குக் காரணம், அவை வீரர் சங்கத்துடன் கூட்டுப் பேரத்தில் உருவானவை என்பதே. அப்படி உருவான ஏற்பாடுகளில் ஏகபோகத் தடுப்புச் சட்டம் குறுக்கிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-ல் உறுதி செய்தது. வருவாயில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குப் போகிறது. தேசிய ஒளிபரப்பு வருவாயை அணிகள் சமமாகப் பங்கிடுவதால், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சிற்றூரின் அணிகூட நியூயார்க்குக்கு நிகராக நிற்கிறது.

கல்லூரி வீரர்களின் தாவலை நானும் ரசிக்கவில்லை. ஓர் அணியின் முகங்கள் ஆண்டுதோறும் மாறினால் ரசிகன் யாரை நேசிப்பான்? ஆனால் அதைத் தடுக்க நிர்வாகம் தானாகப் போடும் ஒவ்வொரு விதியும் நீதிமன்றத்தில் அடிபடுகிறது. வீரர்களை ஊழியர்கள் என்று ஏற்று, அவர்களது சங்கத்துடன் பேசினால் பல்லாண்டு ஒப்பந்தமும் கிடைக்கும், ஒழுங்கும் கிடைக்கும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 2014-ல் சங்கம் அமைக்க முயன்றார்கள்; 2015-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தலையிட மறுத்தது. டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்ற வாக்கில் சங்கம் வேண்டும் என்றார்கள்; ஆண்டு முடிவில் சூழல் சாதகமாக இல்லாததால் அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. ஒழுங்கைக் கொண்டுவரக்கூடிய கதவை மூடிவிட்டு ஒழுங்கில்லை என்று அழுவது என்ன நியாயம்?

நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற வருவாய் இல்லாத பிரிவுகள் மடிந்துவிடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அமெரிக்க ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் உருவானவர்கள் என்பதால் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அந்தச் செலவை ஏன் கால்பந்து வீரர் தன் கூலியிலிருந்து சுமக்க வேண்டும்? அவர்களில் கணிசமானோர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். சிறு விளையாட்டுகளைக் காப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பக் கோடிகள் இருக்கும்போது நீச்சல் குளத்துக்கும் இருக்கத்தான் வேண்டும்.

தில்லியிலிருந்து இதை எழுதும்போது நம் நிலைமையும் நினைவுக்கு வருகிறது. 2023-ல் ஒலிம்பிக் பதக்கம் வென்ற மல்யுத்த வீரர்கள் ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் தெருவில் அமர நேர்ந்தது. அவர்களது புகார் வேறு வகை. ஆனால் முறையிடுவதற்கு அமைப்புக்குள் நம்பகமான இடம் இல்லை என்ற குறை ஒன்றே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் செயற்குழுவில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு இடமளிக்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் பெயரளவுக்குத் தரும் இடத்துக்கும், வீரர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக்கும் வேறுபாடு உண்டு. கோடிகள் கொட்டும் கிரிக்கெட்டில்கூட, 2019-ல் உருவான சங்கம் ஓய்வுபெற்ற வீரர்களுக்கானதே.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் உழுதவர்கள் இப்போதுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். காங்கிரஸ் செய்ய வேண்டியது அவர்கள் கையிலிருந்து கணக்குப் புத்தகத்தைப் பிடுங்குவதல்ல. நிர்வாகிகளின் எதிரே அவர்கள் அமர ஒரு நாற்காலி போடுவது.