போர்டு வைக்க முடியாத தொழிலுக்கு பாட்காஸ்ட்

பல் டாக்டர் போர்டு வைக்கலாம். கண் டாக்டர் பஸ் முதுகில் விளம்பரம் ஒட்டலாம். மனநல ஆலோசகர் என்ன பண்ணுவார்?

காரைக்கால் மாதிரி ஊரில் இது நிஜமான பிரச்சனை மக்களே. பாரதியார் சாலையில் "மனநல ஆலோசனை மையம்"னு கொட்டை எழுத்துல போர்டு வைச்சா என்ன ஆகும்? அந்தப் படியில ஏறுற ஆளை எதிர்த்தாப்ல டீ குடிக்கிற நாலு பேர் பார்ப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள சேதி நெடுங்காடு வரைக்கும் போயிடும். "அவங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னவோவாம்ல?" முடிஞ்சது கதை. போர்டு எவ்வளவு பெருசோ அவ்வளவு தூரம் ஜனம் ஒதுங்கிப் போகும். விளம்பரமே ஆளை விரட்டுற தொழில் இது ஒண்ணாத்தான் இருக்கும் :-)

போதாக்குறைக்கு பேர்க் குழப்பம் வேற. கவுன்சிலர்னு போட்டா, தெருவிளக்கு எரியலைன்னு மனு குடுக்க வர்றாங்க!

இதுக்குத்தான் இப்ப எல்லா ஊர் மார்க்கெட்டிங் ஆசாமிகளும் ஒரு யோசனை சொல்றாங்க. தனியா தொழில் பண்ற ஆலோசகரா நீங்க? பாட்காஸ்ட் ஆரம்பிங்க. வாரம் ஒரு தடவை பேசுங்க, குரலைக் கேட்டுக் கேட்டு ஆள் தானா வருவாங்க. இதை நான் பாதி ஒத்துக்கறேன், மீதிப் பாதிக்கு சண்டை போடறேன். ஒத்துக்கறதை முதல்ல சொல்லிடறேன்.

காதுக்கு யாரும் காவல் போட முடியாது

முகம் தெரியாத குரலை நம்புறது இந்தக் கரைக்குப் புதுசில்லை. நம்ம அப்பா அம்மா காலத்துல டெல்டா கடற்கரை முழுக்க இலங்கை வானொலிதான். கே.எஸ்.ராஜாவையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் நேர்ல பார்த்தவங்க எத்தனை பேர்? ஆனா பக்கத்து வீட்டுக்காரரைவிட அவங்க குரல் நெருக்கம். அப்புறம் நம்ம ஊருக்கே காரைக்கால் பண்பலை 100.3 வந்துச்சு. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, கடையில கணக்கு எழுதும்போது ஒரு குரல் கூடவே இருக்கும். குரல் முதல்ல பழகும், நம்பிக்கை பின்னாடி வரும்.

ஆலோசகருக்கும் அதானே வேணும்? முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னாடி உட்கார்ந்து, சொந்த அக்காகிட்ட கூட சொல்லாததைச் சொல்லணும்னா, அந்த ஆள் எப்படிப் பேசுவார், திட்டுவாரா, சாமி கும்பிடச் சொல்லி அனுப்பிடுவாரான்னு முன்கூட்டியே தெரியணும். போர்டு இதைச் சொல்லாது. விசிட்டிங் கார்டு சொல்லாது. பத்து நிமிஷக் குரல் சொல்லிடும். அதுவும் இயர்போன்ல. மாமியார் ஹால்ல சீரியல் பார்க்க, மருமக அடுப்படியில கேட்டுக்கிட்டே இருக்கலாம், யாருக்கும் தெரியாது.

தமிழ்ல இதுக்கு முன்மாதிரியும் இருக்கு. 2000-களின் தொடக்கத்துல விஜய் டிவியில "புதிரா புனிதமா" பார்த்தவங்களுக்கு டாக்டர் மாத்ருபூதத்தை ஞாபகம் இருக்கும். மனநல மருத்துவர். 2004-ல் காலமாகிட்டார். வீட்டுக்குள்ள யாரும் வாயில எடுக்காத விஷயத்தை, கிண்டலும் கனிவுமா, ஒரு தாத்தா பேரன்கிட்ட பேசுற மாதிரி பேசினார். முகம் சுளிச்சவங்களும் கதவைச் சாத்திட்டுப் பார்த்தாங்க :-) நம்ம பதிவுலகத்துக்கே இதுல ஒரு பங்கு உண்டு. டாக்டர் ருத்ரன் நம்மகூடவே பதிவு எழுதினவர். குழந்தைகள் மேல நடக்கிற பாலியல் அத்துமீறல் பத்தி 2009-ல் சென்னையில் பதிவர்கள் கூட்டம் போட்டப்ப, அவரும் டாக்டர் ஷாலினியும் வந்து பேசினாங்க. வந்தவங்கள்ல யாரும் "விளம்பரத்துக்காகப் பேசறார்"னு நினைக்கலை. பயனுள்ளதைச் சொன்னா பேர் தானா பரவும்.

தேவை எவ்வளவுன்னு பார்த்தா வயிறு கலங்குது. நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்தின தேசிய மனநல ஆய்வுல, வயசு வந்தவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு அப்போதே ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருந்துச்சு. சிகிச்சையே கிடைக்காதவங்க நோய்க்குத் தகுந்தபடி 70-லிருந்து 92 சதவீதம். புதுச்சேரி அந்த ஆய்வுல இல்லைன்னாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குல இருக்கு. 2022-ல் தற்கொலை நாட்டுக்கே லட்சம் பேருக்கு 12.4. புதுச்சேரியில 29.7. மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் எல்லாத்தையும் வரிசைப்படுத்தினா மூணாவது இடம். குடி, கடன், வெளிநாட்டுல புருஷன், கடல்ல போன உயிர்னு காரணத்தை நான் அடுக்க வேண்டாம், இங்க இருக்கவங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் கடலோரத்துல ராத்திரி தூங்காத வீடு எத்தனை!

இவங்க எங்க போறாங்க? திருநள்ளாறுக்கு, நாகூர் தர்காவுக்கு, வேளாங்கண்ணிக்கு. போகட்டும், நான் குறை சொல்லலை. அங்க போற ஆளை யாரும் பைத்தியம்னு சொல்றதில்லை பாருங்க, அதுதான் அந்த இடங்களோட பெரிய பலம். அதே மரியாதையோட ஆலோசகர்கிட்டயும் போகலாம்னு ஒரு குரல் சொன்னா நல்லதுதானே.

சட்டம் என்ன சொல்லுது?

டாக்டர்னா விளம்பரமே கூடாதுன்னு பலர் நினைக்கிறாங்க. பாதி சரி. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள்படி ஆள் பிடிக்கிற விளம்பரம் தப்பு. தொழில் ஆரம்பிக்கிறேன், முகவரி மாத்திட்டேன், இவ்வளவு கட்டணம் மாதிரி சில அறிவிப்பு மட்டும் பத்திரிகையில கொடுக்கலாம். ஆனா அதே விதிகள், பொதுச் சுகாதாரம் பத்தி சொந்தப் பேர்ல எழுதலாம், ரேடியோ, டிவி, இன்டர்நெட் சாட்ல பேசலாம்னும் சொல்லுது. ஆமாங்க, 2002-லயே இன்டர்நெட் சாட்! சமூக ஊடகத்துக்குத் தனி வழிகாட்டுதலோட 2023-ல் புது விதி வந்துச்சு, வந்த மாசமே நிறுத்தி வைச்சுட்டாங்க.

கோடு எங்கன்னா, "தூக்கம் வராததுக்கு என்னென்ன காரணம்"னு பேசினா அது சேவை. "தூக்கம் வரலையா, என்கிட்ட வாங்க, மூணே அமர்வுல சரி பண்றேன்"னா, அது லாட்ஜ் வைத்தியம். ரூம் எடுத்து "இளைஞர்களே"ன்னு நோட்டீஸ் ஒட்டுறவங்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் வேணாமா?

இது மருத்துவர்களுக்கு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு வேணும். வெறும் கவுன்சிலர்களைப் பதிவுக்குள்ள கொண்டுவர 2021-ல்தான் சட்டமே வந்துச்சு. ரொம்ப நாளா, மூணு மாச கோர்ஸ் முடிச்சவரும் முப்பது வருஷ அனுபவம் உள்ளவரும் ஒரே பேர்ல பேசிக்கிட்டு இருந்தாங்க. மைக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நல்ல குரல் இருந்தா போதும், கேட்கிறவங்க நம்பிடுவாங்க. அதனால யாரா இருந்தாலும் முதல் நிமிஷத்துலயே என்ன படிச்சேன், எங்க பதிவு பண்ணியிருக்கேன்னு சொல்லிடணும்.

இனிமேதான் சண்டை

மார்க்கெட்டிங் ஆசாமிகள் கூடவே இன்னொண்ணு சொல்றாங்க பாருங்க: "கதை சொல்லுங்க. உங்ககிட்ட வந்தவங்க கதையைப் பேரை மாத்திச் சொல்லுங்க. கதை இல்லேன்னா யாரும் கேட்க மாட்டாங்க."

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. பேரை மாத்தினா ஆள் மறைஞ்சிடுவாங்கங்கிறது நியூயார்க் கணக்கு. காரைக்கால் கணக்கு வேற. 2011 கணக்கெடுப்புல மொத்த மாவட்டமே 2 லட்சம் பேர்தான். "ஒரு அம்மா, வயசு ஐம்பத்தஞ்சு, மகன் பிரான்ஸ்ல, மருமகளோட ஒத்துப்போகலை, வீட்டுக்காரர் பென்ஷன் வாங்குறவர்"னு சொல்லிப் பாருங்க. பேரே வேணாம். திருமலைராயன்பட்டினத்துல ஒருத்தர், நிரவியில ஒருத்தர் "அட, நம்ம லாத்தா வீடு மாதிரில்ல இருக்கு"ம்பாங்க. அது தப்பான யூகமாவே இருக்கட்டும், அந்த லாத்தா தெருவுல நடக்க முடியுமா? சரியான யூகமா இருந்துட்டா? அந்தம்மா கதவைத் திறந்ததே இவரை நம்பித்தானே.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில இருக்கிறவர் பத்தின தகவலை அவர் சம்மதம் இல்லாம ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாதுங்குது. "சம்மதம் வாங்கிட்டேனே"ன்னு சொல்வீங்க. தன்னைக் காப்பாத்தினவர்னு நம்புற ஆள்கிட்ட அவரே வந்து "உங்க கதையைச் சொல்லிக்கட்டுமா"ன்னு கேட்டா, முடியாதுன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தச் சம்மதத்தை நான் பாதிச் சம்மதம்னுதான் சொல்வேன்.

எஸ்தர் பெரல் 2017-லிருந்து நிஜத் தம்பதிகளோட அமர்வையே பாட்காஸ்டா போடறாங்களே, அது உலகப் புகழ் இல்லையான்னு கேட்கலாம். கேட்டிருக்கேன், அருமையான நிகழ்ச்சி. ஆனா அவங்க வழக்கமான வாடிக்கையாளர்களை அதுல உட்கார வைக்கிறதில்லை. ஒலிபரப்புக்குன்னே விரும்பி வர்றவங்க, ஒரே ஒரு அமர்வு, பேர் கிடையாது. அவ்வளவு ஏற்பாடும் உலகம் பூரா கேட்கிற நிகழ்ச்சிக்கு. நம்ம ஊர்ல குரலை வைச்சே வீட்டு நம்பர் சொல்லிடுவாங்க.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஆலோசகர் ஊர்க்கதையை நல்லா சொல்றார்னு பேர் வாங்கிட்டார்னு வைங்க. கேட்கிறவங்க ரசிப்பாங்க, பகிர்வாங்க. ஆனா நிஜமா பிரச்சனை இருக்கிற பொண்ணு என்ன நினைக்கும்? "நாளைக்கு என் கதையும் இதுல வரும்." ஆக, எந்தப் பாட்காஸ்ட் ஆளைக் கூட்டுதுன்னு நினைக்கிறாரோ, அதுதான் வர வேண்டிய ஆளை வாசலோட திருப்பி அனுப்புது. அறத்தை விடுங்க, வியாபாரமாப் பார்த்தாலே நஷ்டம்.

கதை இல்லாம என்னத்தப் பேசுறது?

நிறைய இருக்கு. எனக்குத் தோணினது:

1. கேள்விக்குப் பதில் சொல்லுங்க. "புதிரா புனிதமா" ஓடினதே அப்படித்தான். கேட்கிறவங்க தானா முன்வந்து கேட்கிறாங்க, நீங்க யார் ரகசியத்தையும் எடுக்கலை. ஒரே மாதிரி பத்துக் கேள்வி வர்ற வரைக்கும் காத்திருந்து பொதுவாப் பதில் சொன்னா இன்னும் நல்லது.

2. உங்க அறைக்குள்ள என்ன நடக்கும்னு சொல்லுங்க. முதல் நாள் என்ன கேட்பீங்க, எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், யார்கிட்ட சொல்ல மாட்டீங்க, மாத்திரை எழுதித் தருவீங்களா மாட்டீங்களா. ஜனங்களுக்கு இருக்கிற பயத்துல பாதி இதுதான்.

3. சின்னதா இருக்கட்டும். பத்து நிமிஷம். ஸ்டூடியோ வேணாம். ஃபேனை நிறுத்திட்டு, துணி அலமாரியைத் திறந்து வைச்சு அது முன்னாடி உட்கார்ந்து போன்லயே பேசுங்க, எதிரொலி அடங்கிடும். ஃபைல் சின்னதா இருந்தா வாட்ஸ்அப்ல போகும். ஆப் எதுவும் இல்லாத அம்மாவுக்கு மக அனுப்புவா. நம்ம ஊர்ல பாட்காஸ்ட் நடக்கப்போற பாதை அதுதான்.

4. ஒவ்வொரு பகுதி முடிவுலயும் 14416 சொல்லுங்க. 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்லயும் பேசலாம். உங்க பேச்சு ஒருத்தர் மனசைக் கிளறி விடற நேரம் ராத்திரி பதினொரு மணியா இருக்கும், உங்க கிளினிக் பூட்டியிருக்கும். கிளறினவங்களுக்குப் பொறுப்பு உண்டு.

5. எத்தனை பேர் கேட்டாங்கன்னு தினமும் எண்ணாதீங்க. இது நம்ம ஹிட் கவுன்ட்டர் வியாதி. எண்ணிக்கை குறைஞ்சதும் தலைப்பு மசாலாவாகும், அடுத்து கதை உள்ள வரும். நமக்கே தெரியுமே, சூடான தலைப்பு வைச்சுக் கெட்டுப்போன பதிவர்கள் எத்தனை பேர் :-)

எண்ணித்தான் ஆகணும்னா, புதுசா வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நான் பேசினதைக் கேட்டிருக்கீங்களா, வர்றதுக்கு பயம் கொஞ்சம் குறைஞ்சுதா?" மாசத்துக்கு ரெண்டு பேர் ஆமான்னு சொன்னா போதும், அது ஓடுற பாட்காஸ்ட்.

என் கட்சி இவ்வளவுதான். ஆலோசகர் தன் குரலை விற்கலாம், தப்பே இல்லை. அவர் படிப்பு, அவர் உழைப்பு, வாடகை கட்டணும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். அடுத்தவங்க அழுததை விற்கக் கூடாது. அது அவர் சரக்கே இல்லை.

உங்கள்ல யாராவது இந்தத் தொழில்ல இருந்தா, இல்ல ஆலோசகர்கிட்ட போய்ட்டு வந்தவங்களா இருந்தா, என்ன நினைக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அனானியா வந்தாலும் சரி, இந்த ஒரு பதிவுக்கு அனானி ஆப்ஷனைத் திறந்தே வைச்சிருக்கேன்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, ஆலோசகரும் இல்லை, மார்க்கெட்டிங் ஆளும் இல்லை. வாடகை சைக்கிள் காலத்துலேர்ந்து ரேடியோ கேட்கிற ஆள், அவ்வளவுதான்.