வேரூன்றலா, அரண் செய்தலா?



ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் எனப் பட்டியலிட்டுப் பிள்ளைகளை மனனம் செய்யவைக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அண்மையில் என் கைக்கு வந்த ஓர் இருமொழிச் சொற்பட்டியலில் 'எண்ட்ரெஞ்ச்' என்னும் வினைக்கு 'வேரூன்று' என்று மட்டுமே பொருள் தரப்பட்டிருந்தது. இதனை நான் வன்மையாக மறுக்கிறேன்.

அச்சொல்லின் உள்ளே இருப்பது 'டிரெஞ்ச்'. அதாவது, வெட்டிய பள்ளம். பழைய பிரெஞ்சு மொழியில் வெட்டுதலைக் குறித்த வினையே அதன் மூலம். பாசறையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, பகைவர் பெயர்க்க இயலாதவாறு நிலைகொள்வதே முதற்பொருள். எளிதில் மாற்ற இயலாதவாறு உறுதிப்படுத்துதல் என்பது அதிலிருந்து விரிந்தது.

வறுமை, ஊழல், தப்பெண்ணம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் இச்சொல் மிகுதியாக வரும். அங்கே 'வேரூன்றிய ஊழல்' எனலாம். 'நிலைநாட்டிய ஊழல்' என்றாலோ ஊழலுக்கு விழா எடுத்தது போலாகிவிடும்!

சட்டத்துறையில் 'வேரூன்றிய' என்பதும் பொருந்தாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழியாக்குகிறது. பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்கலாகாது என்றும் உரைக்கிறது. 1971இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இப்பிரிவை மாற்ற நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மட்டும் போதாது. ஆட்சியாளர் மன்றத்தின் இசைவும் வேண்டும். இத்தகைய பாதுகாப்பையே சட்ட நூலார் 'எண்ட்ரெஞ்ச்' என்பர். இதற்குத் தமிழில் 'அரண் செய்தல்' என்பதே தகும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்களா? வேர் தானே இறங்கும். அகழியை மனிதரே வெட்ட வேண்டும், காக்கவும் வேண்டும். தமிழ்க்கல்வி உரிமை 'வேரூன்றிவிட்டது' என்று படிக்கும் பிள்ளை, இனி நமக்கு வேலையில்லை என்றே எண்ணும். 'அரண் செய்யப்பட்டது' என்று படிக்கும் பிள்ளை, காவலுக்கு ஆள் வேண்டும் என்று உணரும். திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரணைப் பற்றியதே. எத்தனைச் சிறப்புடைய அரணும் செயல்திறம் இல்லாதாரிடம் பயனற்றது என்றே வள்ளுவர் அதனை முடிக்கிறார்.

ஆகவே ஆசிரியர்களே, பட்டியலை ஒதுக்கி வையுங்கள். ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள் கொடுங்கள். இடத்திற்கேற்ற தமிழ்ச்சொல்லை மாணவரே தேடட்டும். பெற்றோர்களே, சட்டம் கற்கும் உரிமையைத்தான் காக்கும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பது உங்கள் கையில்தான் உள்ளது.