ராதாபுரம் வழக்கும் கோர்ட்டுக்கில்லாத கெடுவும்

எலக்ஷன் வியாஜ்யம் போடுகிறவனுக்கு 1951-ஆம் வருஷத்துச் சட்டம் 45 நாள் கெடு வைத்திருக்கிறது. 46-ஆம் நாள்தான் சுபதினமென்று எந்த ஜோசியன் சொன்னாலும் மனு தள்ளுபடிதான். சட்டசபைத் தாவாவை ஜில்லாக் கோர்ட்டில் போடவும் முடியாது. 1966-இல் செய்த திருத்தப்படி ஐகோர்ட்டுக்கே போகவேண்டும். இவற்றை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் விசாரிக்கிற கோர்ட்டுக்குக் கெடு என்ன? ஆறு மாதத்தில் முடிக்க "முயற்சி" செய்யவேண்டுமாம்!

அந்த முயற்சியின் யோக்கியதையை நமது நெல்லை ஜில்லா ராதாபுரத்தில் பார்க்கலாம். 2016 தேர்தலில் திரு. இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. தோற்ற திரு. அப்பாவு வழக்குப் போட்டார். செல்லாதென்று ஒதுக்கிய தபால் ஓட்டுகள் மட்டும் 203. அவை செய்த குற்றம், அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் என்பதே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துக் கற்பித்தவர் கையெழுத்து ஓட்டுச்சீட்டுக்கு ஆகாதாம்!

மறுபடி எண்ணும்படி ஐகோர்ட் சொன்னது 2019 அக்டோபரில். எண்ணியும் விட்டார்கள். முடிவை வெளியிடக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட் தடுத்தது. 2021-இல் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்தது. எண்ணிய கணக்கு அதற்குள் வெளிவரவில்லை.

இனி ஓட்டுக் கேட்டு வருகிற அபேட்சகர் எந்தக் கட்சியாரானாலும், அந்த "முயற்சி" என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்கச் சம்மதமா என்று ராதாபுரத்துத் தோழர்கள் கேட்கட்டும்.