சிலை இருக்கிறது, சம்பளச் சீட்டு எங்கே?

மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை. நல்ல சிலைதான். ஆனால் அவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்று சிலை சொல்லாது. நமக்கும் அது வசதி.

பெரம்பூர் பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா, திரு.வி.க. பெயர்கள் நமக்குத் தெரியும். தறியில் நின்றவர்களில் ஒருத்தர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். 1996இல் மில்லை மூடினார்கள். பிறகு சினிமா ஷூட்டிங், அப்புறம் அடுக்குமாடி.

“எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எல்லாம் இருக்குமே” என்பார்கள். இருக்கிறது, எழுதியது யார்? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சிஸ்டம் விழுந்தால் முதலில் லாக்கைத்தான் தேடுவோம். லாக் இல்லையென்றால், மீட்டிங்கில் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே காரணமாகிவிடும்.

1921 வேலைநிறுத்தத்துக்கு நடந்தது அதுதான். சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் எதிரெதிரே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. நிர்வாகம் பிளவுபடுத்தியது என்பது சங்கத்தின் கதை. எங்கள் மக்களின் பசியைச் சங்கம் கேட்கவில்லை என்பது எம்.சி. ராஜா தரப்பின் கதை. அரசுக்கு அது சட்டம் ஒழுங்கு. மூன்றையும் சொன்னது மேலே இருந்தவர்கள். குடிசை எரிந்தவர் தன் வாயால் சொன்னது எங்கே? தொழிலாளர் அருங்காட்சியகம் கட்டினால் இந்த ஆண்டுக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும். கொடியும் தலைவர் படமும் மட்டும் மாட்டினால் அது கட்சி ஆபீஸ்.

“ஸ்கேன் பண்ணிப் போட்டுடலாம் ப்ரோ.” போடலாம். எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிஃப்ட், எதற்குப் பிடித்தம் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் சம்பளச் சீட்டு வெறும் படம். மும்பையில் மீனா மேனனும் நீரா அடார்கரும் மில் தொழிலாளர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து 2004இல் புத்தகமாக்கினார்கள். கட்டடத்துக்கு டெண்டர் விடுமுன் செய்யவேண்டிய வேலை அது.

மில் மூடியபோது 35 வயதில் இருந்தவருக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. ஓட்டேரியிலோ பட்டாளத்திலோ அவர் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம்: சங்கச் சந்தா ரசீது, இ.எஸ்.ஐ. அட்டை, துண்டறிக்கை. அடுத்த முறை வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரர் அதை எடைக்கு எடுத்துக்கொள்வார்.