எலும்பு ஊசியும் 15 நிமிடமும்

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்சம் புற்றுமண்ணை மடித்து எடுத்துப் போவது வழக்கம். தமிழில் அந்தப் புற்றுக்கும் புற்றுநோய்க்கும் ஒரே சொல்தான். மண்ணை நம்புகிறவர்களைக் கேலி செய்வது படித்தவர்களுக்குச் சுலபம். ஆனால் நெற்றியில் மண் பூசியதால் யாருக்கும் சிறுநீரகம் கெட்டதில்லை. படித்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் ஊசி. "ஊசி போட்டாச்சுல்லா, இனி ஒண்ணும் பயமில்ல." இந்த ஒரு வாக்கியத்தோடுதான் இங்கே சண்டை.

சண்டை எல்லா ஊசிகளோடும் அல்ல. சொலெட்ரானிக் ஆசிட் என்ற ஒன்றோடு மட்டும். அதோடும் இல்லை, அது போடப்படும், போட்டுக்கொள்ளப்படும் விதத்தோடு. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தொடங்கிய புற்று எலும்புக்குப் பரவியவர்களுக்கும், மல்டிபிள் மயலோமா நோயாளிகளுக்கும் இந்த மருந்து கொடுக்கப்படுகிறது. வீட்டில் அதற்கு எலும்பு ஊசி என்று பெயர். புற்று எலும்பை அரிக்கும்போது கால்சியம் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. இந்த மருந்து எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, எலும்பைக் கரைக்கும் செல்களை முடக்குகிறது. முறிவு குறைகிறது, வலி குறைகிறது, ஏறிய கால்சியம் இறங்குகிறது. அமெரிக்காவில் 2001-ல் உயர் கால்சியத்துக்கும், 2002-ல் எலும்புக்குப் பரவிய புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நல்ல மருந்து, சந்தேகமே வேண்டாம். நல்ல மருந்தாக இருப்பதுதான் வம்பு. நல்ல மருந்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிய ஒரு ஆச்சி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சிகிச்சை திருநெல்வேலியிலோ மதுரையிலோ நடந்திருக்கும். திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கு மேல். மாதா மாதம் பஸ்ஸில் குலுங்கிப் போகிற நிலையில் ஆச்சி இல்லை. அதனால் சீட்டைக் கொண்டுபோய் உள்ளூரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகிறது. இந்த முடிவில் தவறே கிடையாது. தவறு அடுத்த அடியில்தான் வருகிறது. சீட்டில் இருப்பது மருந்தின் பெயரும் 4 மில்லிகிராம் என்ற அளவும். எவ்வளவு நேரத்தில் ஏற்ற வேண்டும், அதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பது ஆங்கிலச் சுருக்கெழுத்தில் மடிந்து கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கூட்டிப்போன பேரனுக்குக் கடைசி பஸ் கவலை. "கொஞ்சம் வேகமா ஏத்துங்க சார்."

இந்த "கொஞ்சம் வேகமா"வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில் இந்த மருந்தை 5 நிமிடத்தில்தான் ஏற்றினார்கள். 8 மில்லிகிராம் அளவையும் சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. அதற்குப் பிறகுதான் அளவு 4 மில்லிகிராம், நேரம் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று ஆனது. அதாவது அந்த 15 நிமிடம் யாரோ கம்பெனிக்காரர் தோராயமாக எழுதியது அல்ல. நோயாளிகளின் சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்துக் கற்ற எண். உடல் இந்த மருந்தை உடைத்துச் செரிப்பதில்லை. ஏறக்குறைய 40 சதவீதம் ஒரே நாளில் சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது, மீதி எலும்பில் தங்குகிறது. ஒரே நேரத்தில் மொத்தச் சுமையையும் வாசலில் கொண்டுவந்து கொட்டினால் வாசல் என்ன ஆகும்?

ஆகவே ஒவ்வொரு தவணைக்கு முன்பும் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். போன மாதம் பார்த்தது இந்த மாதத்துக்கு ஆகாது. எலும்புக்காக மருந்து எடுப்பவருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இறங்கினால் 4 மில்லிகிராம் என்பது 3.5, 3.3, 3 என்று படிப்படியாகக் குறைய வேண்டும். 30-க்குக் கீழே போனால் இந்த மருந்து பரிந்துரைக்கப்படவில்லை. பாட்டிலில் 4 இருக்கிறது, காசு கொடுத்தாச்சு, வீணாக்கலாமா என்கிற மிச்சம்பிடிக்கும் புத்தி இங்கே உதவாது.

"சின்ன ஊர், வசதி இல்லை" என்பார்கள். இதைவிடப் பெரிய சாக்கு கிடையாது. கிரியேட்டினின் பார்க்க மெட்ராஸுக்கா போக வேண்டும்? விசைத்தறி ஓடுகிற, பூ மார்க்கெட் நடக்கிற, அரசு மருத்துவமனையும் ரத்தப் பரிசோதனை லேப்களும் இருக்கிற தாலுகாத் தலைநகரில் சாதாரணமாகக் கிடைக்கிற டெஸ்ட் அது. மருந்தைக் கலக்க 100 மில்லி சாதாரண சலைன் போதும் (ரிங்கர் லாக்டேட் கூடாது, அதில் கால்சியம் இருக்கிறது, மருந்து அதோடு சேர்ந்து படிந்துவிடலாம்). 15 நிமிடத்தை அளக்கச் சுவர்க் கடிகாரம் போதும். இல்லாதது வசதி அல்ல, பழக்கம்.

இனி பல். உண்மையில் இங்கேதான் அதிகக் கோபம் வர வேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. 2003-ல் மியாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர், இந்த வகை மருந்து எடுத்த 36 பேருக்குத் தாடை எலும்பு செத்து வெளியே தெரிவதாக எழுதினார். பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை. சதை மூடவில்லை. மருத்துவ உலகம் அதிர்ந்தது, ஆனால் தாடை எலும்பு அழுகுவது புதுச் செய்தி அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளை பாஸ்பரஸ் புகையில் வேலை பார்த்தவர்களுக்கு இதே மாதிரி தாடை அழுகியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்தின் பின்னணியில் அந்தக் கொடுமையும் உண்டு. 1906-ல் பெர்ன் உடன்படிக்கை வந்தது, 1913-ல் இந்தியாவிலும் வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டிக்குச் சட்டம் தடை போட்டது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து கோவில்பட்டியும் சிவகாசியும் தீப்பெட்டியால் பிழைத்தும் அந்தத் தாடை நோயின் பெயரை அறியாமல் இருக்க அந்தத் தடைதான் காரணம். ஒரு தொழிலில் விதி போட்டுத் தடுத்ததை, ஒரு சிகிச்சையில் ஒரு கேள்வி கேட்டுத் தடுக்க முடியாதா?

புற்றுக்காக மாதா மாதம் இந்த ஊசி போடுபவர்களில் 100-க்கு ஒருவர் இருவருக்குத் தாடைப் பிரச்சினை வருகிறது. குறைவுதானே என்று தோன்றும். வந்தவருக்கு அது குறைவு இல்லை, சோறு மெல்ல முடியாது. முதல் ஊசிக்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்கினால் ஆபத்து நன்றாகக் குறையும். தொடங்கிய பிறகு பல் பிடுங்குவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். வெற்றிலை, புகையிலை போட்டுப் பல் ஆடுகிற வயதில்தான் பலருக்கும் இந்த நோய் வருகிறது. ஆடுகிற பல்லைப் பிடுங்கப் போகிற ஆச்சி, "எனக்கு எலும்புக்கு ஊசி போடுதாக" என்று சொல்ல மாட்டாள். பல்லுக்கும் முதுகெலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பல் டாக்டரும் கேட்கவில்லை என்றால் முடிந்தது கதை.

கால்சியம் மாத்திரை விஷயத்தில் நடக்கிற குழப்பம் தனி. எலும்புக்குப் பரவியவர்களுக்கு, இரத்தத்தில் கால்சியம் ஏறாமல் இருந்தால், ஊசியோடு தினமும் 500 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி 400 யூனிட்டும் தருவது முறை, இல்லாவிட்டால் கால்சியம் கீழே இறங்கிவிடும். ஆனால் கால்சியம் ஏற்கெனவே ஏறிக் கிடப்பவருக்கு அதே மாத்திரை எரிகிற வீட்டில் எண்ணெய். ஊசியின் பெயர் ஒன்றே, மாத்திரை எதிரெதிர். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்கி விழுங்கும் சமாச்சாரம் அல்ல இது.

கால்சியம் ஏறியதை வீட்டில் கண்டுபிடிப்பதும் இல்லை. மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, தூக்கம், பேச்சில் தடுமாற்றம்... "சுகர் கூடியிருக்கும்", "வயசாச்சு, புத்தி பேதலிக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அவசரம் இது. 108-ஐக் கூப்பிட வேண்டிய அவசரம். அங்கேயும் முதல் சிகிச்சை சலைன்தான். சொலெட்ரானிக் ஆசிட் வேலையைக் காட்ட இரண்டு மூன்று நாள் ஆகும், வறண்டு கிடக்கும் உடம்பில் அதை முதலில் ஏற்றினால் மறுபடியும் சிறுநீரகத்துக்குத்தான் அடி.

ஊசிக்கு மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போகும். பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு டைக்ளோஃபெனாக் விழுங்குவது அதே சிறுநீரகத்தின் மேல் இரண்டாவது கல். டெனோசுமாப் என்ற புது ஊசிக்குச் சிறுநீரகக் கவலை குறைவு என்கிறார்கள், சரிதான். தாடைப் பிரச்சினை அதிலும் உண்டு, கால்சியம் தடாலென்று இறங்கும் ஆபத்து அதில் இன்னும் அதிகம்.

சரி, யாரைத் திட்டுவது? ஊசி போட்ட நர்ஸையா, அவசரப்பட்ட பேரனையா? இரண்டு பேரும் இல்லை. ஐரோப்பாவில் 2015 முதல் இந்த மருந்து எடுப்பவர்களுக்குத் தாடை ஆபத்து பற்றிய ஒரு நினைவூட்டல் அட்டை வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. சொத்து வரி ரசீதைக்கூட தமிழில் அச்சடிக்கத் தெரிந்த ஊரில், உயிர் போகிற விஷயத்துக்கு உள்ளங்கை அளவு தமிழ் அட்டை ஒன்றை நோயாளி கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்? மருந்தின் பெயர், கடைசித் தவணைத் தேதி, அன்றைய கிரியேட்டினின், 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, பல் பிடுங்கும் முன் புற்றுநோய் டாக்டரிடம் கேள், தொடையில் புது வலி வந்தால் சொல். அவ்வளவுதான்.

அதே அட்டையில் இன்னொரு கேள்விக்கும் இடம் வேண்டும்: அடுத்த தவணை 4 வாரத்திலா, 12 வாரத்திலா? 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,822 நோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களுக்கு எலும்பு முறிவு போன்ற தொல்லைகள் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களைவிட அதிகமாகவில்லை. எல்லோருக்கும் அது பொருந்தாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பொருந்துகிற ஆச்சிக்கு வருஷத்துக்கு 13 ஊசி 4 ஆகக் குறையும். நான்கே முறை என்றால் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கே போய், இரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, 15 நிமிடம் சாவகாசமாகப் படுத்திருந்து ஏற்றிக்கொண்டு வரலாம்.