ஊராத்துறையின் பழைய சட்டம்

இராமேசுவரம் மீனவர்கள் கைதான செய்தி வரும்போதெல்லாம் கடைசி வரியில் ஊர்காவற்றுறை நீதிமன்றம் என்று இருக்கும். தமிழ்நாட்டில் பலருக்கு அந்த ஊரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. காவல் நீட்டிப்பு, படகு பறிமுதல், அவ்வளவுதான். கடல்வழி வருகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த துறைமுகம் அது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஊர்காவற்றுறை, யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் இருக்கிறது. பண்ணைப் பாலம் தாண்டி, பனைகளுக்கு நடுவே ஓடும் சாலை இறங்குதுறையில் முடிகிறது. எதிரே காரைநகர். அந்தக் குறுகிய கடலைக் கடக்க ஒரு மிதவை ஓடுகிறது. ஊரார் அதைப் ‘பாதை’ என்கிறார்கள். மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்திக்கொண்டு, அவற்றுக்கிடையே பள்ளிப் பிள்ளைகளும் ஏறிக்கொள்கிறார்கள். அனலைதீவு, எழுவைதீவுச் சனங்கள் படகில் வந்து இறங்குவதும் இங்கேதான்.

அருகிலுள்ள நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் கிடைத்த கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவுடையது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன், வணிகர்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் வெட்டுவித்தது. பரதேசிகள், அதாவது பிறநாட்டவர், ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறையின் பழைய பெயர்) வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. ஆனையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் என்றால் பாதிக்குப் பாதி. கரையில் ஒதுங்கியதை எல்லாம் அள்ளிக்கொள்ளும் வலிமை இருந்தும், பறிகொடுத்தவனுக்கு இவ்வளவு என்று ஓர் அரசன் விட்டுக்கொடுத்திருக்கிறான். அப்படி விட்டால்தான் நாளைக்கும் கப்பல் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதே மன்னன் சோழநாட்டின் மேல் படையெடுக்க இதே துறையில் கப்பல் கட்டினான் என்று சோழர் கல்வெட்டு சொல்கிறது. வணிகமும் போரும் ஒரே துறையில் நடந்திருக்கின்றன. பிறகு, வன்னிக்காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக் கொண்டுவந்து டச்சுக்காரர் இங்கிருந்து கப்பலேற்றினார்கள். இறங்குதுறையில் நின்றால் தெரியும் கடற்கோட்டை போர்ச்சுகீசியர் கட்டியது. 1658இல் டச்சுக்காரர் முற்றுகையிட்டபோது குடிதண்ணீர் தீர்ந்துதான் அது பணிந்தது. தீவில் வாழ்கிறவர்களுக்கு இது விளங்கும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்தவர்கள் அவர்கள். 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது அக்கோட்டை சிறையாக இருந்தது. இன்று கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது.

உள்நாட்டுப் போரில், 1990இல் இலங்கை இராணுவம் இந்தத் தீவுகளைப் பிடித்தபோது சனங்கள் கைக்குக் கிடைத்ததோடு வெளியேறினார்கள். பலர் திரும்பவே இல்லை. திரும்பியவர்கள் 2009இல் போர் முடிந்த பிறகுதான் ஓரளவு தடையில்லாமல் கடலுக்குப் போனார்கள். போன இடத்தில் அவர்கள் கண்டது நம் கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகளை. இரவில் விரித்த வலை விடியும்போது கிழிந்து கிடக்கும். கடனை வாங்கி வலை போட்டவரின் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. அவரும் தமிழர், நம்மைப் போலவே கடலை நம்பியவர். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் பக்கத்தில் அதை நிறுத்த வேண்டியது நாம்தான்.

ஆனால் நீதிமன்றப் படியேறும் எல்லோரும் விசைப்படகு முதலாளிகள் அல்லர். பெரும்பாலோர் கிடைக்கும் மீனில் பங்குக்கு வேலை செய்கிறவர்கள். எஞ்சின் பழுதாகி எல்லை தாண்டிய நாட்டுப்படகுக்காரருக்கு அந்தப் படகுதான் மொத்தச் சொத்து. இவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது சட்டமாக இருக்கலாம், நியாயம் ஆகாது. ஆனைக்கலத்துக்கு ஒரு கணக்கு, சரக்குக்கலத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்த்த அறிவு அந்தத் துறைக்குப் புதிதல்ல.

இருகரை மீனவர்களும் முன்பே பேசியிருக்கிறார்கள். மறுபடி உட்கார வேண்டும். எந்த மடி கூடாது, எந்தப் படகு எவ்வளவு தூரம், தவறி வந்தவரை எத்தனை நாளில் அனுப்புவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதை எழுதிக் கையெழுத்திடுவது இரு அரசுகளின் வேலை.